அணு ஆயுதப் போர்க் காயங்களுக்கு நோயறிதல் குறியீடு இடும் முறை

நோயாளியின் மருத்துவப் பதிவைக் குறியீடுகளாக மாற்றக் கற்பிக்கும் மெடிக்கல் கோடிங் வகுப்புகளில், அமெரிக்க நோயறிதல் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்-இன் இருபதாம் அத்தியாயம், அதாவது காயங்களின் புறக்காரணங்களுக்கான அத்தியாயம், தொடங்கும் நாளில் சிரிப்பு எழுவது வழக்கம். ஆமை கடித்ததற்கும் வாத்து மோதியதற்கும் தனித்தனிக் குறியீடுகள் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கும் மாணவர்கள், அதே வேகத்தில் போரில் அணு ஆயுதத்தால் நேரும் காயங்களுக்கான ஒய்36.5 என்ற பகுதிக்கு வந்து, ‘இது யாருக்குப் பயன்படப்போகிறது’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும் 9 அன்று நாகசாகியிலும் மனித உடல்களின் மீது நேர்ந்தவற்றை மருத்துவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, வகைபிரித்து அறிந்துகொண்டவையே அந்தப் பகுதியின் ஒவ்வொரு வரியிலும் நிற்கின்றன. குறியீட்டின் எழுத்துகளைப் பிழையின்றித் தேர்ந்தெடுக்க விரும்பும் எவருக்கும் அந்த வகைபிரிப்பின் காரணம் முதலில் விளங்கியிருக்க வேண்டும்.

தொடங்குமுன் எழுத்துமுறை பற்றி ஒரு சொல். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது அவ்வெழுத்து வரிசையின் நான்காவது எழுத்தும் இருபதாவது எழுத்தும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆகவே இங்கே நான்காவது எழுத்தை ‘டி’ என்றும், இருபதாவது எழுத்தை ‘டீ’ என்றும் எழுதுகிறேன். டீ66 என்றால் காயங்களுக்கான பத்தொன்பதாம் அத்தியாயத்தைச் சேர்ந்தது. குறியீட்டின் இறுதியில் வரும் டி என்றால் தொடர் சிகிச்சைக்கான ஏழாம் எழுத்து.

ஆயுதத்திலிருந்து உடலுக்கு

காற்றில் வெடிக்கும் ஓர் அணுகுண்டின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அதிர்வலையாகவும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானது வெப்பக் கதிர்வீச்சாகவும், எஞ்சியது அயனியாக்கும் கதிர்வீச்சாகவும் வெளிப்படுகிறது. அந்த எஞ்சிய பங்கில், மொத்த ஆற்றலின் சுமார் 5 சதவீதம் முதல் நிமிடத்திலேயே பாய்கிறது. மொத்தத்தில் சுமார் 10 சதவீதம், வானிலிருந்து இறங்கிப் படியும் கதிரியக்கத் துகள்களான வீழ்படிவிலும் எச்சங்களிலும் தங்கிப் பிறகு வெளிவருகிறது. ஹிரோஷிமாவில் சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்த குண்டின் வலிமை ஏறக்குறைய 15 கிலோடன். நாகசாகியில் சுமார் 500 மீட்டர் உயரத்தில் வெடித்ததன் வலிமை ஏறக்குறைய 21 கிலோடன். ஒரே நொடியில் ஒரே மனிதரை மூன்று வேறு ஆற்றல்கள் தாக்கின. எவ்வளவு தொலைவில் நின்றார், சுவருக்குப் பின்னால் இருந்தாரா வெட்டவெளியில் இருந்தாரா, என்ன உடுத்தியிருந்தார் என்பவற்றைப் பொறுத்து அவர் உடலில் எந்த ஆற்றலின் தடம் மேலோங்கும் என்பது அமைந்தது.

குறியீட்டின் ஐந்தாம் எழுத்து இந்தப் பிரிவினையையே பின்பற்றுகிறது. ஒய்36.50 என்பது விளைவு குறிப்பிடப்படாதது. ஒய்36.51 என்பது அதிர்வலையின் நேரடி விளைவு, ஒய்36.52 என்பது அதன் மறைமுக விளைவு. ஒய்36.53 வெப்பக் கதிர்வீச்சுக்கும் ஒய்36.54 அணுக்கதிர்வீச்சுக்கும் உரியவை. இவற்றுள் அடங்காத பிற விளைவுகளுக்கு ஒய்36.59 உண்டு. பழைய ஐசிடி-9-சிஎம் தொகுப்பில் இவை ஈ996 என்ற எண்ணின் கீழ் இருந்தன. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்க மருத்துவமனைகள் பத்தாம் பதிப்புக்கு மாறியபோது ஆறாம், ஏழாம் எழுத்துகளும் வந்து சேர்ந்தன.

முதலில் காயம், பிறகு காரணம்

இந்தப் பணியில் நான் காணும் முதல் பிழை, நோயாளியின் மருத்துவப் பதிவான சார்ட்டில் ‘அணுகுண்டு’ என்ற சொல்லைக் கண்டவுடன், குறியீடு இடுபவரான கோடர் நேராக ஒய்36.5-க்குத் தாவுவதுதான். புறக்காரணக் குறியீடு ஒருபோதும் முதன்மை நோயறிதலாக நிற்க முடியாது. அந்த உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும் குறியீடுகள் முதலில் வர வேண்டும். எதனால் நேர்ந்தது என்பது அவற்றைத் தொடர்ந்தே வர வேண்டும். ஆகவே சார்ட்டை முதல்முறை படிக்கும்போது ஆயுதத்தை மறந்துவிட்டு, தோல், காது, நுரையீரல், குடல், எலும்பு, இரத்தம், கண் என்று உறுப்பு உறுப்பாக மருத்துவர் எழுதியிருப்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிர்வலை காற்றழுத்தத்தால் தாக்கும்போது காற்று நிறைந்த உறுப்புகளே முதலில் சேதமடைகின்றன. சதுர அங்குலத்துக்குச் சுமார் 5 பவுண்டு மிகையழுத்தத்தில் செவிப்பறை கிழியத் தொடங்குகிறது; நுரையீரல் சேதத்துக்கு அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். வலச் செவிப்பறைக் கிழிவுக்கு எஸ்09.21எக்ஸ்ஏ, இடப்பக்கத்துக்கு எஸ்09.22எக்ஸ்ஏ (இறுதியில் உள்ள ஏ என்பது ஏழாம் எழுத்து, எக்ஸ் என்பது வெற்றிடத்தை நிரப்புவது; இரண்டையும் பின்னர் விளக்குகிறேன்). அதிர்வலையால் நுரையீரலுக்கு நேர்ந்த முதல்நிலைக் காயம் ஒரு பக்கம் என்றால் எஸ்27.311ஏ, இரு பக்கமும் என்றால் எஸ்27.312ஏ. சிறுகுடலுக்கு எஸ்36.41 வரிசையிலும் பெருங்குடலுக்கு எஸ்36.51 வரிசையிலும் இதேபோல் முதல்நிலை அதிர்வலைக் காயத்துக்கென்றே தனி இடங்கள் உள்ளன. இவற்றை விட்டுவிட்டுப் பொதுவான நுரையீரல் காயம், குடல் காயம் என்று எழுதுவது, மருத்துவர் கண்டறிந்து எழுதிய ஓர் உண்மையைப் பதிவிலிருந்து அழிப்பதற்குச் சமம்.

தீக்காயங்கள் டீ20 முதல் டீ25 வரை உடற்பகுதி வாரியாகவும், கண்ணுக்கு டீ26 ஆகவும் அமைகின்றன. பல இடங்களில் தீக்காயம் இருந்தால் ஆழம் மிகுந்ததை முதலில் வரிசைப்படுத்த வேண்டும்; உடற்பரப்பில் எத்தனை சதவீதம் என்பதை டீ31 கொண்டு சேர்க்க வேண்டும். டீ31-க்கு ஏழாம் எழுத்து கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். இடிபாடுகளுக்குள் சிக்கித் தசை நசுங்கி, அதனால் சிறுநீரகம் செயலிழக்கும் நசிவு நோய்க்குறித் தொகுப்பு என்றால் டீ79.5எக்ஸ்எக்ஸ்ஏ.

‘ரேடியேஷன்’ என்ற ஒரே சொல்லின் இரு பொருள்கள்

இந்த இடத்தில் நீங்கள் நேரம் செலவிட வேண்டும். மற்றெல்லாவற்றையும்விட இங்கேதான் பிழைகள் அதிகம் நேர்கின்றன. சார்ட்டில் ‘ரேடியேஷன் பர்ன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது இரண்டு முற்றிலும் வேறான காயங்களில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று, வெடிப்பின் ஒளிவெப்பம் திறந்த தோலில் நொடிப்பொழுதில் உண்டாக்கிய மின்னல்வெட்டுத் தீக்காயம். ஹிரோஷிமாவில் வெடிப்புக்கு நேர் கீழான இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் இத்தகைய காயங்கள் பதிவாகியுள்ளன. கிமோனோ துணியின் அடர்நிறப் பூவேலைப்பாடு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டதால், அந்த வடிவம் அப்படியே பெண்களின் முதுகில் தீக்காயமாகப் பதிந்திருந்ததைக் காட்டும் புகைப்படங்கள் உலகறிந்தவை. இவ்வகைக் காயத்துக்கு டீ20 முதல் டீ25 வரையிலான எண்ணும், காரணமாக ஒய்36.53-உம் பொருந்தும்.

மற்றொன்று, வீழ்படிவுத் துகள்கள் தோலில் ஒட்டிக்கொண்டு பீட்டா கதிர்களால் உண்டாக்கும் புண். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய 15 மெகாடன் ‘பிராவோ’ சோதனையின் சாம்பல், கிழக்கே வெகுதொலைவில் இருந்த ரோங்கெலாப் தீவில் பனிபோல் இறங்கியது. அங்கிருந்த 64 பேரும் சுமார் இரண்டு நாள் கழித்தே வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு முதலில் அரிப்பும் எரிச்சலும் இருந்து, ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பிறகே தோலில் புண்களும் தலையில் முடி உதிர்வும் தோன்றின. இது வெப்பத்தால் ஆன காயம் அன்று. கடுங்கதிர்த் தோலழற்சிக்கு எல்58.0, நாட்பட்டதற்கு எல்58.1 என்ற இடங்கள் உள்ளன; போர்ச் செயலில் நேர்ந்திருந்தால் காரணமாக வரவேண்டியது ஒய்36.54.

ஆகவே காயம் உடனே தோன்றியதா, நாள்கள் கழிந்து தோன்றியதா என்பதை வரலாற்றுக் குறிப்பில் தேடுங்கள். ஆனால் அந்தக் கால இடைவெளியை வைத்து நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அது விளக்கம் கேட்டு மருத்துவருக்கு அனுப்பும் குவெரியைக் கூர்மையாக எழுத மட்டுமே உதவ வேண்டும். ‘இக்காயம் வெப்ப ஒளியால் ஏற்பட்டதா, கதிரியக்கத் துகள்களால் ஏற்பட்டதா என்பதைத் தெளிவுபடுத்துக’ என்ற ஒற்றை வரி பல மணிநேர விவாதத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது டீ66.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ, அதாவது குறிப்பிடப்படாத கதிர்வீச்சு நோய். மூன்று எழுத்துகளோடு நின்றுவிடும் இந்த எண்ணில் ஏழாம் எழுத்து ஏழாவது இடத்தில் நிற்பதற்காக மூன்று எக்ஸ்களை இட்டு நிரப்ப வேண்டும். டீ66-இன் கீழ் உள்ள எக்ஸ்கிளூட்ஸ்1 குறிப்பு, பெயர் சொல்லத்தக்க கதிர்வீச்சு விளைவுகளை இதோடு சேர்க்கக் கூடாது என்கிறது. டீ20 முதல் டீ31 வரையிலான தீக்காயங்கள், கதிர்வீச்சால் வரும் இரைப்பை-குடலழற்சியான கே52.0, நுரையீரலழற்சியான ஜே70.0, எல்55 முதல் எல்59 வரையிலான தோல் கோளாறுகள், சி91 முதல் சி95 வரையிலான இரத்தப் புற்று ஆகியவை அங்கே எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டுள்ளன. மருத்துவர் ‘கதிர்வீச்சால் குடலழற்சி’ என்று தெளிவாக எழுதியிருந்தால் கே52.0 போதும், அதே நோய்க்கு டீ66-ஐயும் சேர்ப்பது தவறு. எலும்பு மஜ்ஜை செயலிழந்து ஏப்பிளாஸ்டிக் அனீமியா என்று எழுதப்பட்டிருந்தால் புறக்காரணிகளால் வருவதற்கான டி61.2-ஐப் பாருங்கள். வாந்தி, தளர்ச்சி, முடி உதிர்வு என்பவற்றோடு ‘கதிர்வீச்சு நோய்’ என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும்போதுதான் டீ66 தனக்குரிய இடத்தில் நிற்கிறது.

ஒருவருக்கு வெப்பத்தால் தீக்காயமும் அயனியாக்கும் கதிர்களால் கதிர்வீச்சு நோயும் சேர்ந்தே இருந்தால் என்ன செய்வது? ஹிரோஷிமாவில் ஒரு கிலோமீட்டருக்குள் உயிர் பிழைத்தவர்களில் பலரின் நிலை இதுதான். எக்ஸ்கிளூட்ஸ்1 குறிப்பை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் இரண்டில் ஒன்றை விட்டுவிட நேரும். ஆனால் இரு நிலைகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றால் இரண்டையும் இடலாம் என்று அதிகாரபூர்வ வழிகாட்டுதலே விலக்கு அளிக்கிறது. வெப்பம் எரித்த தோலும் காமா கதிர் அழித்த மஜ்ஜையும் ஒரே ஆயுதத்தின் இரு வேறு ஆற்றல்களால் நேர்ந்தவை. ஒன்று மற்றொன்றின் வெளிப்பாடு அன்று. எனவே இரண்டையும் பதிவு செய்வதே சரி என்பது என் கருத்து. அந்தத் தொடர்பின்மையை மருத்துவரின் எழுத்தில் பெற்ற பிறகே அதைச் செய்ய வேண்டும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன்.

எந்தக் குடும்பம்: ஒய்36, ஒய்37, ஒய்38 அல்லது டபிள்யூ88

காயங்களை எழுதி முடித்த பிறகு, அகரவரிசையில் அமைந்த புறக்காரண இன்டெக்ஸில் ‘வார் ஆபரேஷன்ஸ்’ என்ற தலைச்சொல்லின் கீழ் ‘நியூக்ளியர் வெப்பன்’ என்பதைத் தேடி, அங்கிருந்து குறியீடுகள் வரிசையாக உள்ள டேபுலர் பகுதிக்குச் சென்று சரிபாருங்கள். ஒய்36 என்ற வகைப்பாடு போர், உள்நாட்டுக் கிளர்ச்சி, அமைதிகாப்புப் பணி ஆகியவற்றில் படையினருக்கும் குடிமக்களுக்கும் நேர்ந்த காயங்களை உள்ளடக்கியது. அமைதிக் காலத்தில் படைத்துறை வளாகங்களிலும் பயிற்சிகளிலும் பணிகளிலும் நேர்ந்தவை ஒய்37-க்கு உரியவை. அதன் கீழும் ஒய்37.5 என்று அணு ஆயுதத்துக்குத் தனிப் பகுதி உண்டு. பயங்கரவாதச் செயல் என்று அமெரிக்கக் கூட்டரசு அமைப்பு உறுதிசெய்தால் மட்டுமே ஒய்38.5 பயன்படும். வெறும் சந்தேகம் போதாது.

இந்தப் பாகுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்காவில் 1962 வரை திறந்தவெளியில் நடந்த அணுச் சோதனைகளில் பங்கேற்ற முன்னாள் படையினர், ‘அட்டாமிக் வெட்டரன்ஸ்’ என்று அறியப்படுபவர்கள், முதிர்ந்த வயதில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில புற்றுநோய்களை அவர்களுடைய பணியோடு தொடர்புடையவையாகக் கொண்டு ஈட்டுத்தொகை வழங்கும் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. இவர்களின் சார்ட் சென்னையிலோ கோவையிலோ அமர்ந்திருக்கும் ஒரு கோடரின் திரைக்கு வரக்கூடும். நெவாடா பாலைவனத்தில் நடந்த சோதனையின் விளைவை ஒய்36 என்று எழுதினால், நடக்காத ஒரு போரை நாம் பதிவுசெய்தவர்களாகிவிடுவோம். அங்கே வரவேண்டியது ஒய்37.54 வரிசை.

அணு என்ற சொல் வந்தாலே அணு ஆயுதம் என்று கொள்வதும் தவறு. செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் உலை விபத்துகள். அவற்றின் கதிர்வீச்சு டபிள்யூ88-இல் அடங்கும். செறிவு குறைந்த யுரேனியத்தால் ஆன பீரங்கிக் குண்டுகளில் அணு வெடிப்பு நிகழ்வதில்லை. அவற்றின் சில்லு உடலில் தங்கியிருந்தால் இசட்18.01 சேர்க்கலாம்; ஆனால் காரணத்தை ஒய்36.5 என்று எழுதக் கூடாது.

அதிர்வலையின் இரு முகங்கள்

ஒய்36.51-ஐயும் ஒய்36.52-ஐயும் பிரிப்பதில் ஒரு தவறு தொடர்ந்து நிகழ்கிறது. அழுத்தம் உடலை நேரடியாகத் தாக்கிச் செவிப்பறையையோ நுரையீரலையோ குடலையோ கிழித்தால் அது நேரடி விளைவு. அதே அலை ஒருவரைத் தூக்கி எறிந்து எலும்பை முறித்தாலும், சன்னல் கண்ணாடியை உடைத்து உடலில் செலுத்தினாலும், வீட்டைச் சரித்து அவரை நசுக்கினாலும் அது மறைமுக விளைவு. ‘மறைமுகம்’ என்ற சொல்லைக் கேட்டு, இது சிறியது, பின்னால் வருவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஹிரோஷிமாவின் மரவீடுகள் சரிந்ததில் அடியில் சிக்கியவர்களும், கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்தவர்களும், தூய அழுத்தக் காயம் மட்டும் பெற்றவர்களைவிட மிகப் பலர். நேரடி அழுத்தத்தால் நுரையீரல் சிதையும் அளவுக்கு அருகில் இருந்தவர்களில் மருத்துவரிடம் வந்து சேர்ந்தவர் மிகச் சிலரே. ஆகவே தொடை எலும்பு முறிவுக்கு ஒய்36.51 என்று எழுதியிருந்தால் நின்று, மருத்துவர் எதை எழுதியிருக்கிறார் என்று மறுபடி பாருங்கள்.

வெடிப்புக்குப் பிறகு கவிழ்ந்த அடுப்புகளிலிருந்தும் எரிந்த வீடுகளிலிருந்தும் பரவிய தீயில் வெந்தவர்களை எங்கே சேர்ப்பது என்ற ஐயம் நியாயமானது. ஒய்36.53 நேரடி வெப்பத்துக்கும் தீக்கோளத்தின் விளைவுக்கும் உரியது. வீடு எரிந்ததால் வந்த தீக்காயம் அவ்விரண்டும் அன்று. ஒய்36.59 இதற்குப் பொருந்தும் என்பது என் தேர்வு. எந்த முடிவை எடுத்தாலும் அதை உங்கள் அணியின் உள்விதியாக எழுதிவைத்து, எல்லாச் சார்ட்டுகளிலும் ஒரேமாதிரி பின்பற்றுங்கள்.

ஆறாம் எழுத்தும் ஏழாம் எழுத்தும்

ஆறாம் எழுத்து 0 என்றால் காயமுற்றவர் படையினர். 1 என்றால் குடிமகன். இது அவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்று கேட்பதில்லை. ஹிரோஷிமாவில் ஜப்பானியத் தரைப்படையின் பெரிய தலைமையகம் ஒன்று இருந்தது. அங்கே இறந்த சிப்பாய்களுக்கும், அதே நகரில் கைதிகளாக அடைக்கப்பட்டிருந்த அமெரிக்க விமானப் படையினருக்கும் ஆறாம் எழுத்து 0 தான். தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து வெட்டவெளி உண்டாக்கும் பணிக்காக அன்று காலை தெருவில் நின்ற ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் அரசால் திரட்டப்பட்டவர்கள். ஆயினும் அவர்கள் படையினர் அல்லர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அவர்களில் மிகுதி. அவர்களுக்குரியது 1. ‘போர்ப்பணி’ என்ற சொல்லைக் கண்டு 0 என்று எழுதிவிடக் கூடாது.

ஏழாம் எழுத்தில் ஏ என்பது முனைப்பான சிகிச்சை நடக்கும் காலம் முழுவதற்கும் உரியது. முதல்முறை மருத்துவரைப் பார்த்த நாளுக்கு மட்டும் உரியதன்று. தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சைக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தாலும் ஏ தான். புண் ஆறிவரும் காலத்தில் கட்டு மாற்றவும் நிலையை மதிப்பிடவும் வந்தால் டி. அந்தக் காயம் ஆறிய பிறகு அது விட்டுச்சென்ற வேறொரு நிலைக்காக வந்தால் எஸ், அதாவது சீக்வெலா. ஒய்36.5 வரிசையில் ஆறு எழுத்துகளும் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் இடையில் எக்ஸ் தேவையில்லை: ஒய்36.531ஏ என்று நேராக எழுதலாம்.

வழிகாட்டுதலில் உள்ள ஒரு கட்டளையை மனப்பாடமாக வையுங்கள். எஸ் என்று முடியும் புறக்காரணக் குறியீட்டை, அதே காயத்தின் நடப்புக் குறியீட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தீக்காயத்தில் மட்டும் ஒரு நெகிழ்வு உண்டு: ஆறாத தீக்காயமும் ஆறியதன் வடுவும் ஒரே உடலில் இருக்கக்கூடும் என்பதால், ஏ அல்லது டி உள்ள தீக்காய எண்ணும் எஸ் உள்ள தீக்காய எண்ணும் ஒரே பதிவில் வரலாம்.

பயிற்சிச் சார்ட்டுகள்

வகுப்பில் நான் பயன்படுத்தும் முதல் சார்ட் கற்பனையானது. ஆனால் அதில் உள்ள காயங்கள் 1945-இல் ஆயிரக்கணக்கானோரிடம் சேர்ந்தே காணப்பட்டவை. வெடிப்பிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் தெருவில் நின்ற ஒரு பெண். முதுகின் மேற்பகுதியில் மூன்றாம் நிலைத் தீக்காயம், வல முன்கையில் இரண்டாம் நிலை. உடற்பரப்பில் மொத்தம் 22 சதவீதம், அதில் மூன்றாம் நிலை 6 சதவீதம். இட மேற்கையில் கண்ணாடிச் சில்லுடன் கிழிகாயம். மருத்துவர் தீக்காயத்துக்கு வெப்ப ஒளியையும், கிழிகாயத்துக்குச் சிதறிய கண்ணாடியையும் காரணமாக எழுதியிருக்கிறார். வரிசை இவ்வாறு அமையும்: டீ21.33எக்ஸ்ஏ, டீ22.211ஏ, டீ31.20, எஸ்41.122ஏ, அவற்றைத் தொடர்ந்து ஒய்36.531ஏ, ஒய்36.521ஏ. புறக்காரணக் குறியீடுகளை எத்தனை தேவையோ அத்தனை இடலாம். மிகக் கடுமையான காயத்துக்கு உரியது முதலில் வர வேண்டும் என்பதால் வெப்பம் அதிர்வலைக்கு முன் நிற்கிறது. இடத்துக்கான ஒய்92, செயலுக்கான ஒய்93, நிலைக்கான ஒய்99 ஆகியவற்றை முதல் சந்திப்பில் ஒருமுறை மட்டும், சார்ட்டில் தகவல் இருந்தால் மட்டும் சேர்க்கலாம்.

இரண்டாவது, அந்தப் பெண்ணே சில ஆண்டுகள் கழித்து வருகிறார். முதுகுக் காயம் ஆறிய இடத்தில் தடித்து எழும்பிய கீலாய்டு வடு. அணுகுண்டுத் தீக்காயங்களில் கீலாய்டு மிகுதியாகத் தோன்றியதை ஜப்பானிய மருத்துவர்கள் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். இங்கே இப்போது சிகிச்சைக்குரிய நிலை முதலில்: எல்91.0. அடுத்து அதற்கு மூலமான காயம் டீ21.33எக்ஸ்எஸ். இறுதியில் ஒய்36.531எஸ். எஸ் என்ற எழுத்து காயக் குறியீட்டுக்கும் காரணக் குறியீட்டுக்கும்தான், எல்91.0-க்கு அதைச் சேர்க்க முயல வேண்டாம். டீ31-ஐயும் மீண்டும் இட வேண்டாம்.

மூன்றாவது, வரலாற்றில் உள்ளது. பிராவோ சோதனையின்போது அப்பகுதியில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் ஃபுகுர்யு மாரு’ என்ற ஜப்பானியப் படகின் 23 பேர் மீதும் சாம்பல் படிந்தது. அதன் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா 1954 செப்டம்பர் 23 அன்று இறந்தார். அக்காலத்தில் இக்குறியீடுகள் இல்லை. பயிற்சிக்காகவே இதைக் கொடுக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒய்36.541ஏ என்று எழுதுகிறார்கள். 1954-இல் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போர் இல்லை, நடந்தது அமைதிக்காலப் படைத்துறைச் சோதனை, பாதிக்கப்பட்டவர்கள் மீனவர்கள். ஆகவே வரவேண்டியது ஒய்37.541ஏ. தோல் புண்களுக்கு எல்58.0 அதன் முன்னால் நிற்கும். எல்58-இன் கீழ் உள்ள குறிப்பு கதிரின் மூலத்துக்கு டபிள்யூ88-ஐச் சுட்டுவதைக் கண்டு சிலர் அதையும் சேர்க்கிறார்கள். அது விபத்துக்குரிய வகை. ஆயுதத்தின் விளைவு என்று தெரிந்த இடத்தில் அதற்கு வேலையில்லை.

நான்காவது வகைச் சார்ட்டே இன்றைய நாளில் உண்மையில் வரக்கூடியது. 1945-இல் குழந்தையாக நகரில் இருந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறி, இப்போது எண்பது வயதைக் கடந்தவர். அணுகுண்டுத் தாக்குதலுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இரத்தப் புற்று கூடத் தொடங்கியதையும், மற்றப் புற்றுகள் மிகப் பின்னரே கூடியதையும் 1947-இல் தொடங்கிய ஆய்வுக் குழுவும், 1975 முதல் அதன் இடத்தில் செயல்படும் கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு நிறுவனமும் ஏறத்தாழ 1,20,000 பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துக் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த அறிவு ஆய்வாளருடையது. இந்த ஒரு நோயாளியின் புற்றுக்கு அந்தக் கதிர்வீச்சே காரணம் என்று சொல்லும் உரிமை அவருடைய மருத்துவருக்கு மட்டுமே உண்டு.

மருத்துவர் அவ்வாறு எழுதியிருந்தால் சி91 முதல் சி95 வரையிலான பொருத்தமான எண்ணை முதலில் இட்டு, ஒய்36.541எஸ்-ஐத் தொடர்ந்து சேருங்கள்.  நோயேதும் இல்லாமல் கதிர்வீச்சுக்கு ஆளான வரலாறு மட்டும் பதிவாகியிருந்தால் இசட்77.12 வரிசையையும், போர்ச்சூழலுக்கு ஆளானதற்கான இசட்65.5-ஐயும் ஆராயுங்கள். இசட்92.3 சிகிச்சைக்காக அளிக்கப்பட்ட கதிர்வீச்சுக்கு மட்டுமே உரியது. குண்டின் கதிருக்கு அதை இடுவது பலமுறை நான் திருத்திய பிழை.

மருத்துவர் ‘ஹிரோஷிமாவில் உயிர்பிழைத்தவர்’ என்று வாழ்க்கைக் குறிப்பிலும், ‘இரத்தப் புற்று’ என்று நோயறிதலிலும் தனித்தனியே எழுதிவிட்டு, இரண்டுக்கும் இடையில் ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருந்தால் குவெரி அனுப்புங்கள். ‘ஆம்’ என்ற பதிலை நோக்கித் தள்ளும் கேள்வியாக அது இருக்கக் கூடாது. தொடர்புண்டு, தொடர்பில்லை, கண்டறிய இயலவில்லை என்ற மூன்று வழிகளையும் திறந்து வையுங்கள். பதில் வரும்வரை புற்றுநோய்க் குறியீடு மட்டும் பதிவில் நிற்கட்டும்; ஒய்36.541எஸ் காத்திருக்கட்டும்.